பொட்டு நகர்ந்த பக்கம்

நாற்பத்தொன்று. இல்லை, நடுவில் செருப்பு வழுக்கி வெறுமனே இறங்கிய உதையையும் சேர்த்தால் நாற்பத்திரண்டு. காலை ஏழு மணிக்குள் இத்தனை உதை வாங்கியும் இந்த வண்டி ஒரே ஒரு தடவை தும்மியதோடு சரி, அதுவும் சைலன்சருக்குள்ளே, டொப்பென்று, பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்துகிற அம்மாள் கிளிப்பைக் கீழே போடுகிற அளவுக்கு. பார்க்கட்டும். முப்பத்திரண்டு வருஷம் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுத்த தெய்வசிகாமணி, ஓய்வு பெற்ற துறைத்தலைவர், தன் சொந்த வண்டியை எழுப்பத் தெரியாமல் போர்ட்டிகோவில் பனியனோடு மூச்சு வாங்குகிறார், பார்த்துவிட்டுப் போகட்டும். எனக்கென்ன வந்தது. வந்ததுதான். காதுமடல் சூடாகிறது. இந்த ஊரில், தெருவுக்கு நாலு லேத் பட்டறை இருக்கிற கோயமுத்தூரில், ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்து வேர்ப்பதைவிட வேட்டி அவிழ்ந்து நிற்பது மேல். தப்பு என்மேல்தான். அந்த வாட்ஸப் குழுவில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அடுத்த ஞாயிறு பழைய மாணவர் கூட்டம், இருபத்தைந்தாவது வருஷம், சார் நீங்க உங்க பழைய வண்டியிலதான் வரணும் என்று எவனோ போட்டான், பதினேழு பேர் கைதட்டினார்கள், நானும் 'என் கையாலேயே ரெடி பண்ணி ஓட்டி வருகிறேன்' என்று போட்டேன். என் கையாலேயே. இந்தக் கையா? முதல் சம்பளத்தில் வாங்கிய பைக், பதினைந்து வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஓடிய காலத்தில்கூட அதன் எஞ்சினை நான் தொட்டதில்லை. உக்கடம் தாண்டி, எங்கள் மாணவர்கள் யாரும் வராத ஒரு சந்தில் ஒரு பாயின் மெக்கானிக் கடை இருந்தது. அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு எதிர் டீக்கடையில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திங்கட்கிழமை வகுப்பில் அதே எஞ்சினைக் கரும்பலகையில் வரைவேன். நன்றாக வரைவேன். வட்டம் போடக் காம்பஸ் வேண்டாம் எனக்கு, பையன்கள் அதற்கே வாயைப் பிளப்பார்கள்.

கார்புரேட்டர்தான். கார்புரேட்டராகத்தான் இருக்கவேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக மூன்று தடவை கழற்றிவிட்டேன், இருந்தாலும் நாலாவது தடவை கழற்றினால் என்ன. பெட்ரோல் குழாயை உருவு, இரண்டு போல்ட், கையோடு வந்துவிடும். அடிக்கிண்ணத்தைத் திறந்தால் பித்தளை மிதவை, அதன் காதைத் தொட்டால் ஊசி ஏறி இறங்குகிறது, சரியாகத்தான் இறங்குகிறது. மெயின் ஜெட் சுத்தம். பைலட் ஜெட்டைக் கழற்றி ஊதினேன். வாயில் பெட்ரோல் கசப்பு, அதோடு ஆயில், நாக்கைத் துப்பினாலும் போகாது. வெளிச்சத்துக்கு நேரே ஜெட்டைப் பிடித்தால் நடுவில் ஓட்டை தெரிகிறது, தலைமுடி நுழைகிற ஓட்டை, வட்டமாக, பிசிறில்லாமல். இதில் ஒருபோதும் கம்பி விட்டுக் குத்தக்கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும், பெட்ரோல் அதிகமாகிவிடும், நிறையப் பேர் செய்கிற தப்பு இது, வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். குத்தினால் உள்பக்கம் பித்தளை பளபளக்கும், கண்ணுக்கே தெரியும். குத்தாத ஜெட் இப்படித்தான் இருக்கும், இப்படி மங்கலாக. அன்றைக்கு நான் அதைக் கழற்றிப் பார்க்கவே இல்லை. கழற்றாமலே சொன்னேன். வேண்டாம். காலங்காத்தாலே அந்தப் பக்கம் போகவேண்டாம். ப்ளக்கைப் பார். ப்ளக் ஈரமாக இருக்கிறது, கறுப்பாக, ஆயில் வடிகிறது. பொறி விழுகிறது, நீலமாகத்தான் விழுகிறது. பெட்ரோல் வருகிறது, பொறியும் வருகிறது, அப்புறம் ஏன் எரியவில்லை? இதை இரண்டாம் வருஷத்துப் பையனிடம் கேட்டால் சொல்லுவான். பொறி வருகிறது சரி, எப்போது வருகிறது? பிஸ்டன் உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், வெறும் இரண்டு மில்லிமீட்டர் முன்னால் வரவேண்டும். பிந்தி வந்தால் எரிகிறது எரிந்து முடிவதற்குள் வெளியே போய்விடும், சைலன்சருக்குள் டொப். டைமிங். ஆனால் டைமிங்கைத்தான் முதல் ஞாயிறே வைத்துவிட்டேனே. இடதுபக்க மூடியைத் திறந்து, பொறியைக் கிளப்புகிற பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தகட்டின் மூன்று திருகாணியையும் தளர்த்தி, பொறி முந்துகிற அட்வான்ஸ் பக்கம் திருப்பி, இறுக்கி, எல்லாம் நோட்ஸில் இருக்கிறபடி. என் நோட்ஸ். முப்பத்திரண்டு வருஷம் நான் வாசித்துப் பையன்கள் எழுதிய நோட்ஸ்.

வசந்தாமணி காப்பி டம்ளரோடு வந்து நிற்கிறாள், என் மனைவி, வண்டியைப் பார்க்காமல் என் முழங்காலைப் பார்க்கிறாள். “ஏனுங்க, போதுமுங்க. இடுப்பு புடிச்சுக்கிட்டா அப்பறம் யாரு ஆஸ்பத்திரிக்கு அலையறது? நான் ஆளு சொல்லிட்டேன்.” என்ன ஆள்? “பழைய வண்டி பாக்கறவரு. சுங்கம் ரவுண்டானாப் பக்கம் கடையாமா. மாடி வீட்டக்காதான் நம்பர் குடுத்தாங்க. இந்த மாதிரி வண்டிக்குன்னா கேரளாவுல இருந்தெல்லாம் தேடி வர்றாங்களாம். இன்னைக்குக் கடை லீவு, இருந்தாலும் ஒம்பது மணிக்கு வர்றேன்னு சொன்னாருங்க.” பேர்? “லோகநாதன்.” அவள் டம்ளரைத் திண்டில் வைக்கிறாள், நான் ஜெட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவள் இன்னும் சொல்லுகிறாள், “உங்க பேரை ரெண்டு தடவ சொல்லச் சொன்னாருங்க. லைன் சரியில்லையோன்னு நெனச்சேன். அப்பறம், பாலிடெக்னிக் சாருங்களா, நான் அவருகிட்ட படிச்சவனுங்க, கட்டாயம் வர்றேனுங்கன்னாரு. பாருங்க, உங்க ஸ்டூடண்டு எத்தன மருவாதி வெச்சிருக்காங்க!” உள்ளே போய்விட்டாள். ஜெட் எங்கே? கையில் இல்லை. கீழே விழுந்துவிட்டது. தரையில் மண்டியிட்டுத் தேடுகிறேன், பின்சக்கரத்துக்கு அடியில் கிடக்கிறது, எடுத்துத் துடைத்து, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருக்கிறேன். சுங்கத்தில் அவன் கடை இருப்பது எனக்குத் தெரியும். எட்டு வருஷமாகத் தெரியும். பெயர்ப்பலகையில் பேர் பார்த்த நாளிலிருந்து உக்கடம் போவதற்குச் சுங்கம் வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன், ஆட்டோக்காரன் ஏன் சார் இப்படி என்று கேட்டால் ட்ராபிக்பா என்கிறேன். வருகிறான். இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம். அவனா அவரா? நாற்பத்து நாலு வயசு ஆளை நான் மனசுக்குள் அவன் என்றுதான் சொல்லுகிறேன், பத்தொன்பது வயசிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன், காக்கிச் சட்டையோடு, சோமனூர்க்காரன், தறி ஓட்டுகிற வீடு, சட்டைப்பையில் எப்போதும் நூல் பிசிறு.

பிராக்டிகல் பரீட்சையில் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். ஒவ்வொருவனும் ஒரு சீட்டு எடுக்கவேண்டும், அதில் இருக்கிற வேலையைச் செய்யவேண்டும். அவன் எடுத்தது டைமிங். ஸ்டாண்டில் மாட்டிய எஞ்சின், இதே ரக வண்டியின் எஞ்சின், அன்றைக்கு லேபில் அது ஒன்றுதான் இருந்தது. சேலத்திலிருந்து பரீட்சை நடத்த வந்த எக்ஸ்டர்னல், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எப்போதும் சொல்லுகிறதைச் சொன்னேன், நீயே பண்ணு, நான் பாக்கறேன். எல்லாரிடமும் அதையேதான் சொல்லுவேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எனக்கு அதில் ஒரு சுகம் இருந்தது, சொல்லுவதற்கென்ன, இருந்தது. அவன் பாயிண்டுக்கு நடுவில் சிகரெட் தாளைச் செருகி, ஒரு விரலால் தாளை இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் எஞ்சினைச் சுற்றினான். பாயிண்ட் திறக்கிற இடத்தில் தாள் நழுவி வரவேண்டும். நழுவி வந்தது. அழகாகச் செய்தான், எனக்கே பொறாமையாக இருந்தது. ஆனால் தகட்டை அவன் வலப்பக்கம் திருப்பியிருந்தான். என் நோட்ஸில் இடப்பக்கம். “தப்பு. நோட்ஸ்ல என்ன குடுத்திருக்கேன்?” “எடது பக்கமுங்க சார்.” “அப்பறம்?” “சார், நோட்ஸ்ல எஞ்சின் வலது பக்கமா சுத்துதுங்க. இது எடது பக்கமா சுத்துதுங்களே சார். அதனால தகட்டை மாத்தித்தான்…” எக்ஸ்டர்னல் போண்டாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மீதிப் பதினெட்டுப் பையன்களும் திரும்பினார்கள். அந்த ஒரு நொடியில் நான் எஞ்சினைப் பார்த்திருக்கலாம். ஒரே ஒரு தடவை குனிந்து, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்திருக்கலாம். குனியவில்லை. அவன் கையிலிருந்து திருப்புளியைப் பிடுங்கினேன், தகட்டை இடப்பக்கம் தள்ளி இறுக்கினேன், இப்ப ஸ்டார்ட் பண்ணு என்றேன். உதைத்தான். ஓடவில்லை. உதைத்தான், உதைத்தான், பன்னிரண்டு தடவை, சைலன்சருக்குள் டொப் என்றது. எக்ஸ்டர்னல், “என்ன சார், ஓடலையே?” என்றார், என்னைப் பார்த்து, சிரித்தாரோ என்னமோ. என் வாய் திறந்தது. யோசித்துச் சொன்னேன் என்றுகூடச் சொல்லமுடியாது, அப்படியே வந்தது, வழுவழுவென்று. “பையன் கார்புரேட்டரைக் கெடுத்துட்டான் சார். பைலட் ஜெட்டுல கம்பி விட்டுக் குத்தியிருக்கான்.” அவன் என்னைப் பார்த்தான். மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் தள்ளியிருப்பேன். கையைத் துடைத்தான், துணியை மடித்து மேசையில் வைத்தான், போனான். நான் சிவப்பு மையில் எழுதினேன், கருவியைச் சேதப்படுத்தினார் என்று. அப்புறம் அவன் அரியர் எழுதவே வரவில்லை.

சரி, ஆனால் அவன் வைத்தபடி வைத்து யாரும் அன்றைக்கு உதைத்துப் பார்க்கவில்லையே. அதைத்தான் பிடித்துக்கொண்டேன். அவன் வைத்ததும் ஒருவேளை தப்பாக இருந்திருக்கலாம். ஜெட்டில் நிஜமாகவே ஏதாவது இருந்திருக்கலாம். ப்ளக் ஈரமாக இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம், இருந்திருக்கலாம், இப்படியே எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்திருப்பேன். அப்படியானால் மறுநாள் காலை கேட்ட சத்தம்? மறுநாள் நான் சீக்கிரமே போனேன், மார்க் ஷீட் என் மேசை டிராயரில் கவருக்குள் இருந்தது, இன்னும் அரக்கு வைக்கவில்லை. வராண்டாவில் நடந்து வருகிறேன், லேபுக்குள் அட்டெண்டர் கருப்பணன் எஞ்சினை என்னமோ செய்துகொண்டிருக்கிறார், திருகாணி இறுக்குகிற சத்தம், அப்புறம் ஒரு உதை. ஒரே உதை. பிடித்துக்கொண்டது. டூ ஸ்ட்ரோக்கின் அந்தக் கணகணப்பு வராண்டா முழுக்க வந்தது. நான் நின்றேன். உள்ளே போய், கருப்பணா, என்னப்பா பண்ணினே என்று கேட்டிருந்தால் முடிந்தது. கேட்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பி நடந்தேன். அறைக்குப் போய் வருகைப் பதிவேட்டைத் திறந்து, அதற்குள் தலையை வைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு அரக்கு வைத்தேன், என் கையாலேயே. அதுதான். பொய் சொன்னது ஒரு நொடி, பயத்தில், கௌரவத்தில், யாருக்கும் வரும். அரக்கு வைத்தது நிதானமாக. மெழுகுவத்தி ஏற்றி, அரக்கு உருகும்வரை காத்திருந்து, முத்திரையை நேராகப் பிடித்து. அதை நினைத்து இப்போதும் ஜெட்டைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன், இந்த வயசில், இந்தப் போர்ட்டிகோவில், பனியனோடு. கருப்பணன் செத்துப்போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கேள்விப்பட்டதும் முதலில் நான் விட்டது நிம்மதிப் பெருமூச்சு. மாலை வாங்கிக்கொண்டு போனேன், அழுதேன்கூட, ஆனால் முதலில் வந்தது பெருமூச்சுதான்.

எட்டு ஐந்து. கார்புரேட்டரைப் பூட்டியாகிவிட்டது. அவன் வருவதற்குள் ஓடவேண்டும், எப்படியாவது ஓடவேண்டும், ஓடிவிட்டால் அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம், அதுதான் வேண்டும் எனக்கு, ஒளிப்பானேன். இடதுபக்கம் குந்தி உட்கார்ந்து மூடியைக் கழற்றினேன். தகடு, பாயிண்ட், நடுவில் சுற்றுகிற உருளை. உருளையின் விளிம்பில் ஒரு குங்குமப் பொட்டு. வசந்தாமணி வைத்தது. போன ஆயுத பூஜைக்கு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்கு எஞ்சினைப் பற்றி என்னமோ விளக்கினேன், அவள் கேட்ட மாதிரியே தலையை ஆட்டிவிட்டு, மிக்ஸிக்கும் தையல் மிஷினுக்கும் வைத்த கையோடு இதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள். ஓடாத வண்டிக்குப் பொட்டு எதுக்கு என்று சிரித்தேன். பொட்டு நேர் மேலே இருக்கிறது, பன்னிரண்டு மணி இருக்கிற இடத்தில். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினேன். பொட்டு நகர்ந்தது. பதினொன்று இருக்கிற இடத்துக்குப் போனது. அப்புறம் பத்து. அப்புறம் ஒன்பது. இடப்பக்கம். நான் கையை எடுத்தேன். கிக்கர் திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினேன், பொட்டு இன்னும் இடப்பக்கம் இறங்கியது, எட்டு, ஏழு. அவ்வளவுதான். வலப்பக்கம் சுற்றுவது கரும்பலகை எஞ்சின் மட்டும்தான். நான் காம்பஸ் இல்லாமல் வரைந்தேனே, அதில் அம்புக்குறி எப்போதும் வலப்பக்கம் போடுவேன், புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, புத்தகத்து எஞ்சினை எந்தப் பக்கம் நின்று பார்த்தார்களோ. சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தகட்டைத் திருப்பினால் அட்வான்ஸ், விதி சரிதான், நானே வாய் வலிக்கச் சொன்ன விதிதான், ஆனால் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் நான் குனிந்து பார்க்கவில்லை. அவன் பார்த்தான். பார்த்ததைச் சொன்னான். நோட்ஸ் எழுதிய ஆயிரம் பேரில் அவன் ஒருத்தன்தான் எஞ்சினைப் பார்த்தவன், அவனைத்தான் தேடிப் பிடித்து வெளியே அனுப்பினேன்.

திருகாணிகளைத் தளர்த்தினேன். தகட்டை வலப்பக்கம் திருப்பினேன். காலண்டர் தாள் ஒன்றை மெல்லிசாகக் கிழித்துப் பாயிண்டில் செருகி, அவன் செய்த மாதிரியே, ஒரு விரலால் இழுத்துக்கொண்டு, நழுவிய இடத்தில் இறுக்கினேன். எழுந்து உதைத்தேன். ஒன்று. இரண்டாவது உதைக்குப் பிடித்துக்கொண்டது. புகை, நீலப்புகை, போர்ட்டிகோ முழுக்க எரிந்த ஆயில் வாசனை, கணகணவென்று அந்தச் சத்தம், அந்த வராண்டாச் சத்தம். நாலு நொடி சந்தோஷப்பட்டேன். மறைக்கவில்லை, நாலு நொடி கையைத் தட்டப்போனேன். அப்புறம் உடம்பெல்லாம் வேர்த்தது. பிடித்துக்கொள்ள இருந்த ‘இருந்திருக்கலாம்’ எல்லாம் அந்தப் புகையோடு போய்விட்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது, ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், நான் பக்கத்தில் நின்றேன். சமையலறை ஜன்னலிலிருந்து வசந்தாமணி கத்தினாள். “ஓடிருச்சுங்களா! நெசமாவா! அப்ப அவரை வர வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிரட்டுங்களா? பாவம், லீவு நாளு.” இதோ. தட்டில் வைத்து நீட்டுகிறாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போகலாம், என் கையாலேயே என்று சொல்லலாம், அது பொய்கூட இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. செத்தாலும் மறக்கமாட்டேன், நாக்கு நுனிவரை வந்தது. “வேண்டாம்,” என்றேன், “வரட்டும்.” சாவியைத் திருப்பி நிறுத்தினேன். ஆனால் வந்தால் என்ன சொல்லுவது? வாப்பா, அன்றைக்கு நான் பொய் சொன்னேன், உட்கார், காப்பி சாப்பிடு என்றா? வாய் வராது. என் வாயை எனக்குத் தெரியும், அது அந்த மாதிரிச் சமயத்தில் வேறு எதையாவது சொல்லிவிடும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தகட்டைப் பழையபடியே மாற்றி வைத்துவிட்டால்? அவன் வருவான், திறப்பான், தப்பைக் கண்டுபிடிப்பான், என் முன்னால் வலப்பக்கம் திருப்புவான், ஓடும். ஆகா, நீ சொன்னதுதானப்பா சரி என்று நான் சொல்லுவேன். அவன் ஜெயிக்கட்டும், நான் தோற்றுப்போகிறேன், பேசவேண்டிய சிரமம் இல்லாமல். குனிந்து, திருகாணியைத் தளர்த்தி, இடப்பக்கம் தள்ளி, இறுக்கினேன். மூடியை மாட்டினேன். நல்ல காரியம் செய்த மாதிரி இருந்தது கொஞ்ச நேரம். சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே போய், பொத்தான் போடும்போதுதான் உறைத்தது. மறுபடியும் அவனுக்குப் பரீட்சை வைக்கிறேன். இருபத்தைந்து வருஷம் கழித்தும் சீட்டு எழுதி மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சீ. திரும்ப ஓடிப்போய் மாற்றிவிடலாம் என்று வெளியே வந்தால் கேட்டில் ஆள்.

நரைத்திருந்தான். நரைத்திருந்தார். மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் தொங்கவிட்டிருந்தார், கையில் ஒரு பழைய ரெக்ஸின் பை. செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “நல்லாருக்கீங்களா சார்? ஒடம்பு சௌரியமுங்களா?” வா என்றேனா வாங்க என்றேனா, இரண்டும் கலந்து என்னமோ ஒரு சத்தம் வந்தது. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், டேங்கைத் தடவினார். “நல்லா வெச்சிருக்கீங்க சார்.” குந்தினார், என்ன கோளாறுங்க என்று கேட்டுக்கொண்டே கையை சிலிண்டர்மேல் வைத்தார், வைத்த கையை உடனே எடுத்துவிட்டார். சூடு. சூடு என்று ஒன்று இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. ஆட்டோமொபைல் துறைத்தலைவர். அவர் என்னைப் பார்க்கவில்லை, மூடியைக் கழற்றினார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டைப் பார்த்தார். திருகாணிக்கு அடியில் புதுக் கீறல் இரண்டு இடத்தில், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. “வண்டி இப்பத்தான் ஓடிருக்குதுங்களே சார்.” “ம்.” “மொதல்ல சரியாத்தான் வெச்சிருக்கீங்க. அப்பறம் எதுக்குங்க சார் திருப்பி வெச்சீங்க?” அவர் நிஜமாகவே கேட்டார், புரியாமல் கேட்டார், அதுதான் தாங்கவில்லை. “சும்மா… பாக்கலாம்னு…” என்றேன். அறுபத்து நாலு வயசில், காப்பியடித்து மாட்டிக்கொண்டவன் மாதிரி. அவர் சிகரெட் தாளைப் பையிலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் தகட்டைப் பார்த்தபடியே சொன்னார், கோபமில்லாமல், மழை பெய்ததைச் சொல்லுகிற மாதிரி. “மறுநாள் காலையில நான் வந்திருந்தேனுங்க சார். என்னோட டூல் செட்டை லேபுலயே விட்டுட்டனுங்க, அதை எடுக்கலாம்னு. சன்னல்கிட்ட நின்னுட்டிருந்தேன். கருப்பணண்ணன் நான் வெச்ச மாதிரியே வெச்சு ஸ்டார்ட் பண்ணுனாருங்க. நீங்க வராண்டாவுல நின்னு கேட்டீங்க. வருவீங்கன்னு பாத்தேன். திரும்பிப் போயிட்டீங்க.” இருபத்தைந்து வருஷம் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துப் பூட்டி வைத்திருந்தது, அதன் சாவி முதல் நாளிலிருந்தே இவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் எழுந்து திருப்புளியின் கைப்பிடிப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். “நீங்களே பண்ணுங்க சார். நான் பாக்கறேன்.”

குந்தினேன். முழங்கால் சத்தம் போட்டது. திருப்புளி திருகாணித் தலையிலிருந்து இரண்டு தடவை நழுவியது, அவர் உதவிக்கு வரவில்லை, சும்மா நின்றார். தளர்த்தினேன். வலப்பக்கம் திருப்பினேன். பொட்டு எனக்கு நேரே இருந்தது. இறுக்கினேன். அவர் கையை ஆக்ஸிலேட்டரில் வைத்துக்கொண்டு, “உதைங்க சார்,” என்றார். உதைத்தேன். ஒரே உதை. போர்ட்டிகோ அதிர்ந்தது, புகை எங்கள் இருவருக்கும் நடுவில் எழுந்தது, அந்தப் புகை இருக்கிற தைரியத்தில் சொன்னேன், “நீ வெச்சதுதான் சரி.” அவர் தலையைச் சாய்த்தார். “கேக்கலைங்க சார்.” கொஞ்சம் உரக்கச் சொன்னேன், “ஜெட்டுல நீ கம்பி குத்தல. நான் கழட்டிப் பாக்கவே இல்ல.” “என்னங்க சார்?” அவர் கை ஆக்ஸிலேட்டரில் இருந்தது, இறக்கவில்லை, வண்டி கத்திக்கொண்டிருந்தது. சாவி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, திருப்பினால் நின்றுவிடும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், எங்கள் இருவருக்குள் முடிந்துவிடும். அன்றைக்குப் பதினெட்டுப் பேர் முன்னால் சொன்னதை. சாவியைத் தொடவில்லை. வசந்தாமணி காப்பித் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள், மாடியில் அந்த அம்மாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்க்கிறாள், நான் தொண்டை கிழிய, முப்பத்திரண்டு வருஷம் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரிப் பாடம் எடுத்த தொண்டையால் கத்தினேன், “நான் பொய் சொன்னேன் லோகநாதா! எல்லார் முன்னாலயும் பொய் சொன்னேன்!” வசந்தாமணியின் தட்டு ஆடியது. அவர் கை மெல்லத் தளர்ந்தது, எஞ்சின் சத்தம் இறங்கி, சீராக ஓட ஆரம்பித்தது.

“இப்பக் கேட்டுதுங்க சார்,” என்றார்.